டபிள்யூ வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்: அமெரிக்கக் கல்லூரியில் நிதியுதவி நிற்காமல் பார்த்துக்கொள்வது எப்படி

அமெரிக்காவில் பிள்ளை கல்லூரி சேரும் வருடம், ஃபாஃப்சா என்ற மத்திய நிதியுதவி விண்ணப்பத்துக்காகக் குடும்பமே உட்கார்ந்து வரிக் கணக்கைத் துருவும். திருப்பித் தர வேண்டாத பெல் கிராண்ட் இவ்வளவு, கடன் இவ்வளவு என்று கடிதம் வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிடும். ஃபாஃப்சாவை ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும் என்பது பெரும்பாலானோருக்குத் தெரிந்திருக்கிறது. பாடத்தைப் பாதியில் விட்டு ‘டபிள்யூ’ (விலகல் குறி) வாங்குவது போன்றவற்றால் படிப்பில் குறிப்பிட்ட வேகத்தில் முன்னேறாவிட்டால், வீட்டு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உதவி நின்றுபோகும் என்பது நின்ற பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இந்த விதிக்கு ‘சாட்டிஸ்ஃபாக்டரி அகாடமிக் ப்ராக்ரஸ்’ என்று பெயர். கல்லூரிகளில் எஸ்.ஏ.பி. என்பார்கள். பெல் கிராண்ட், எஸ்.இ.ஓ.ஜி. என்ற துணை மானியம், படித்துக்கொண்டே வேலை செய்து சம்பாதிக்கும் வொர்க்-ஸ்டடி, மாணவர் பெயரில் வரும் டைரக்ட் கடன், பெற்றோர் எடுக்கும் பேரன்ட் பிளஸ் கடன் எல்லாமே இதற்குக் கட்டுப்பட்டவை. 2025–26இல் பெல் கிராண்ட் அதிகபட்சம் 7,395 டாலர். அதோடு கடனும் சேர்ந்து நின்றால் ஒரு செமஸ்டர் கட்டணமே கைவிட்டுப் போகும்.

இது குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மாணவர்களின் விஷயம். எஃப்-1 (மாணவர்), எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்தினர்) விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் உதவியே கிடையாது. கல்லூரி தன் பணத்தில் தரும் ஸ்காலர்ஷிப்புக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. எஃப்-1 மாணவர்கள் பாடத்தை விடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்க வேண்டும். இளநிலையில் ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) கீழே போனால் விசா நிலையே ஆபத்தில் விழும்.

மூன்று அளவுகோல்கள்

விதியின் சட்டகம் மத்திய அரசுடையது. அதற்குள் கண்டிப்பைக் கூட்டிக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை உண்டு. அதனால் உங்கள் கல்லூரியின் நிதியுதவி அலுவலகப் பக்கத்தில் எஸ்.ஏ.பி. கொள்கையைத் தேடி, முழுதும் படியுங்கள். மூன்று எண்கள் அதில் இருக்கும்.

முதலாவது ஜி.பி.ஏ., அதாவது 4.0க்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண் (ஏ 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0). இளநிலை மாணவருக்குப் பொதுவாக 2.0. சில கல்லூரிகள் முதலாண்டில் அதைவிடக் குறைவாக வைத்திருக்கும். ஆனால் இரண்டாம் கல்வியாண்டு முடியும்போது சி தரத்துக்கு ஈடாகவோ, பட்டம் பெறத் தேவையான நிலையிலோ இருந்தாக வேண்டும் என்பது மத்திய விதி. முதுநிலையில் பெரும்பாலும் 3.0.

இரண்டாவது வேகம், அதாவது பேஸ். இதுவரை எடுத்த கிரெடிட்களில் எத்தனை சதவீதம் தேறியிருக்கிறீர்கள் என்ற கணக்கு. பெரும்பாலான கல்லூரிகளில் 66.67 அல்லது 67 சதவீதம். மூன்றாவது காலவரம்பு: பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 150 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. 120 கிரெடிட் பட்டத்துக்கு 180, கம்யூனிட்டி கல்லூரியின் 60 கிரெடிட் பட்டத்துக்கு 90. வேகத்தில் மூன்றில் இரண்டு என்ற எண் வந்ததே இதிலிருந்துதான். 180 எடுத்து 120 தேறினால் சரியாக 66.67.

மூன்றும் மொத்தக் கணக்கு. கடந்த செமஸ்டர் எவ்வளவு நன்றாகப் போயிருந்தாலும், முதல் நாளிலிருந்து எடுத்த எல்லாமே கூட்டப்படும். உதவி வாங்காமல் சொந்தப் பணத்தில் படித்த செமஸ்டரும் சேரும்.

ஜி.பி.ஏ. தப்பிக்கும், வேகம் மாட்டிக்கொள்ளும்

அதிகம் பேர் விழுவது ஜி.பி.ஏ.வில் என்று நினைப்போம். முதலாண்டு மாணவர்களை நிஜமாகவே தடுக்கி விழவைப்பது டபிள்யூ. ஒரு செமஸ்டரை அப்படியே எடுத்துப் பார்ப்போம்.

ஒரு மாணவி முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுக்கிறாள். கெமிஸ்ட்ரி 4 கிரெடிட். மிட்டெர்ம் மோசமாகப் போக, ‘டபிள்யூ ஜி.பி.ஏ.வைத் தொடாது’ என்று தோழி சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டாள். கால்குலஸ் 4 கிரெடிட், எஃப். ஆங்கிலம் 3, பி. வரலாறு 3, பி. முதலாண்டு செமினார் 1, ஏ.

ஜி.பி.ஏ.வுக்கு டபிள்யூவை விட்டு 11 கிரெடிட் மட்டும் எண்ணப்படும். கால்குலஸ் 0, ஆங்கிலம் 9, வரலாறு 9, செமினார் 4 என்று 22 புள்ளி. 22ஐ 11ஆல் வகுத்தால் 2.0. தேர்ச்சி. டீன் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை எதுவும் வராது. ஆனால் வேகக் கணக்கில் எடுத்தது 15, தேறியது 7. அது 46.7 சதவீதம்தான். நிதியுதவி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தே தீரும். தோழி சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை.

இந்தப் பள்ளத்திலிருந்து ஏற எத்தனை கிரெடிட் வேண்டும்? சுருக்கு வழி ஒன்று: எடுத்ததை இரண்டால் பெருக்குங்கள், தேறியதை மூன்றால் பெருக்குங்கள், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். இங்கே 30இலிருந்து 21 போக 9. அடுத்து ஒன்றுகூட விடாமல் 9 கிரெடிட் தேறினால் 24க்கு 16, சரியாக 66.67 சதவீதம். கல்லூரி 67 என்று கறாராகப் பார்த்தால் ஒரு கிரெடிட் கூட வேண்டும். விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ வந்தால் நீங்கள் ஏற்கெனவே கரையில் இருக்கிறீர்கள்.

‘ஒன்றுகூட விடாமல்’ என்பதில்தான் சூட்சுமம். அதே மாணவி அடுத்த செமஸ்டரில் 15 எடுத்து 15ம் தேறினால் 30க்கு 22, 73 சதவீதம். அதில் ஒரே ஒரு 3 கிரெடிட் பாடத்தை விட்டால் 30க்கு 19, 63 சதவீதம். மறுபடி கீழே. 12 மட்டும் எடுத்து எல்லாம் தேறினால் 27க்கு 19, 70 சதவீதம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று 18 கிரெடிட்டைத் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் இந்த இடத்தில் செய்யும் மிகப் பெரிய தவறு. தாங்கக்கூடிய அளவு எடுத்து எல்லாவற்றையும் முடிப்பதே உங்களைக் காப்பாற்றும்.

ஜி.பி.ஏ. குறைந்திருந்தால் பற்றாக்குறைப் புள்ளியைக் கணக்கிடுங்கள். 45 கிரெடிட்டில் 1.8 என்றால் உங்களிடம் 81 புள்ளி, வேண்டியது 90, பற்றாக்குறை 9. பி வாங்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் ஒரு புள்ளியை அடைக்கும், ஏ என்றால் இரண்டு. ஆக மூன்று கிரெடிட் பாடங்கள் மூன்றில் பி, மற்றவற்றில் சி வாங்கினால் போதும். ‘ஜி.பி.ஏ.வை ஏற்றணும்’ என்று பொதுவாக நினைப்பதைவிட, ‘மூன்று பி வேண்டும்’ என்று தெரிந்துகொள்வது மனதுக்கும் எளிது.

எது எப்படி எண்ணப்படும்

செமஸ்டர் தொடக்கத்தில் வரும் ஆட்–டிராப் கெடுவுக்குள் நீக்கிய பாடம் எங்கும் எண்ணப்படாது. அது சுத்தமாகப் போய்விடும். அதற்குப் பிறகு விட்டால் டபிள்யூ. அது எடுத்த கணக்கில் ஏறும், தேறிய கணக்கில் ஏறாது. வேலை முடியாமல் தரம் நிலுவையில் நிற்கும் இன்கம்ப்ளீட்டும் அப்படியே. பேராசிரியர் பின்னர் தரம் போட்டதும், மறுகணக்குப் போடச் சொல்லி நிதியுதவி அலுவலகத்துக்கு நீங்களே எழுதுவது நல்லது. பாஸ்–ஃபெயிலில் பாஸ் என்றால் வேகத்துக்கு உதவும், ஜி.பி.ஏ.வுக்கு உதவாது.

வேறு கல்லூரியிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட கிரெடிட் எடுத்தது, தேறியது இரண்டிலும் சேரும். ஆகவே கோடையில் வீட்டருகே கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு பாடம் படித்து மாற்றிக்கொள்வது வேகத்தைத் தூக்கும் நல்ல வழி. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அந்த மதிப்பெண் உங்கள் ஜி.பி.ஏ.வுக்குள் வராது. ஜி.பி.ஏ.தான் பிரச்சினை என்றால் கோடைப் பாடத்தைச் சொந்தக் கல்லூரியிலேயே எடுங்கள். இது தெரியாமல் கோடை முழுவதும் உழைத்து ஏ வாங்கியும், ஆகஸ்டில் ஜி.பி.ஏ. நகராமல் நிற்பதைப் பார்த்து இடிந்துபோகும் பிள்ளைகள் உண்டு. உயர்நிலைப் பள்ளியில் வாங்கிய ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) கிரெடிட்டை எப்படி எண்ணுவார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், கேட்டே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முறையும் எடுத்த கணக்கில் ஏறும். தோற்ற பாடத்தைத் தேறும்வரை உதவியோடு எடுக்கலாம். தேறிய பாடத்தை ஒரே ஒரு முறைதான் உதவியோடு மறுபடி எடுக்க முடியும். பொறியியல் மாணவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கால்குலஸில் டி வாங்கினால் துறை ஒப்புக்கொள்ளாது, சி கேட்கும். ஆனால் டி தேர்ச்சித் தரமாக இருக்கும் கல்லூரியில், நிதியுதவி விதிக்கு அது தேறிய பாடம். இரண்டாம் முறையும் டி வந்தால் மூன்றாம் முறைக்கு அந்த 4 கிரெடிட் உதவிக் கணக்கில் சேராது. நீங்கள் 12 கிரெடிட் படித்தாலும் 8 கிரெடிட் மாணவராகவே பார்ப்பார்கள், பெல் தொகை குறையும்.

சில கல்லூரிகள் பழைய மோசமான செமஸ்டரை ஜி.பி.ஏ.விலிருந்து நீக்கும் ‘மன்னிப்பு’ வசதி தருகின்றன. டிரான்ஸ்கிரிப்ட் அழகாகும். எஸ்.ஏ.பி. கணக்கில் அந்தப் பாடங்கள் அப்படியே இருக்கும்.

மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றுபவர்களுக்குக் காலவரம்பு காத்திருக்கிறது. 180 தொடும்வரை நேரம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வரம்புக்குள் முடிக்க முடியாது என்று கணக்கில் தெரிந்த அன்றே தகுதி போகும். 130 கிரெடிட் எடுத்தவருக்குப் புதிய மேஜரில் இன்னும் 54 பாக்கி என்றால் கூட்டுத்தொகை 184. அவர் இன்றே வரம்பைத் தாண்டியவர். மேஜர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அட்வைசரிடம் மீதி கிரெடிட் பட்டியலை அச்சிட்டு வாங்கி, இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பெல் கிராண்டுக்குத் தனியாக வாழ்நாள் வரம்பும் உண்டு: 600 சதவீதம், அதாவது முழுநேரமாக 12 செமஸ்டர்.

ஒரு பாடத்தை விட நினைக்கும்போது

முதலில் இன்றைய தேதியைப் பாருங்கள். ஆட்–டிராப் கெடு தாண்டவில்லை என்றால் தயங்காமல் நீக்கிவிட்டு, முடிந்தால் வேறொன்றைச் சேருங்கள். தாண்டிவிட்டது என்றால், அந்தப் பாடத்தைத் தேறாத கணக்கில் வைத்து வேகத்தைக் கணக்கிடுங்கள். 67க்கு மேல் வசதியாக நின்றால் டபிள்யூ தப்பில்லை. மேல் வகுப்புக்கு அடிப்படையான பாடத்தில் டி வாங்குவதைவிட அது மேல். 67க்குக் கீழே இழுத்தால், சி வாங்க என்ன மதிப்பெண் தேவை என்று பேராசிரியரின் அலுவலக நேரத்தில் போய்க் கேளுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை எஃப்பும் டபிள்யூவும் ஒன்றே. டி தேறியதாகக் கணக்காகும்.

பிறகு, மீதி எத்தனை கிரெடிட் நிற்கிறது என்று பாருங்கள். கடனுக்குக் குறைந்தது அரைநேரம், அதாவது பொதுவாக 6 கிரெடிட் வேண்டும். இவ்வளவும் பார்த்த பின் அட்வைசரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அட்வைசர் பட்டத்தைப் பார்ப்பார். பணத்தைப் பார்ப்பவர் நிதியுதவி அலுவலகத்தில் இருக்கிறார். இருவரிடமும் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

எல்லாப் பாடங்களையும் விட்டு வெளியேறுவது வேறு கதை. செமஸ்டரில் 60 சதவீதம் கடக்கும் முன் (15 வாரமானால் ஏறத்தாழ ஒன்பதாம் வாரம்) வெளியேறினால், வந்த உதவியில் ஒரு பங்கு திரும்பிப் போகும். 30 சதவீதத்தில் விட்டவர் 5,000 டாலரில் 1,500ஐத்தான் ‘சம்பாதித்தவர்’. மீதி 3,500 திரும்பும்போது கட்டணத்தில் துண்டு விழும், அந்தக் கடனைக் கல்லூரி உங்களிடம் கேட்கும். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்று எல்லாவற்றிலும் எஃப் வாங்கினாலும் இதே கணக்கு வரலாம். உடல்நிலையோ மனநிலையோ சரியில்லாமல் விடத்தான் வேண்டும் என்றால் விடுங்கள், உயிரைவிடப் பெரிதில்லை எதுவும். ஆனால் முறையாக, மருத்துவக் காரணம் காட்டி, தேதியோடு விடுங்கள். அந்தக் காகிதம் பின்னால் மேல்முறையீட்டுக்கு வேண்டும்.

எச்சரிக்கை, நிறுத்தம், மேல்முறையீடு

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் சரிபார்க்கும் கல்லூரி, முதல்முறை விழுந்தவருக்கு ‘வார்னிங்’ தரலாம். அந்த ஒரு செமஸ்டருக்கு உதவி தானாகத் தொடரும். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் பார்க்கும் கல்லூரியில் எச்சரிக்கை என்ற படியே கிடையாது, நேராக நிறுத்தம்தான். எந்த வகை என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். டீன் அலுவலகம் தரும் ‘அகாடமிக் ப்ரொபேஷன்’ வேறு, இது வேறு. ஒன்றிலிருந்து விடுபட்டால் மற்றதிலிருந்தும் விடுபட்டதாக ஆகாது.

கடிதம் கல்லூரி மின்னஞ்சலுக்குத்தான் வரும், மாணவருக்கு மட்டும்தான் வரும். கல்லூரி சேர்ந்த பின் மதிப்பெண் விவரம் பிள்ளையின் உரிமை. கட்டணம் கட்டும் அப்பாவானாலும் கல்லூரி தானாக அனுப்பாது. பெற்றோர்களே, டிசம்பர், மே மாதங்களில் ‘மார்க் என்ன’ என்பதோடு ‘எத்தனை கிரெடிட் எடுத்தே, எத்தனை முடிஞ்சுது’ என்றும் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்து வைத்த கடிதத்தில்தான் மேல்முறையீட்டுக் கெடு எழுதியிருக்கும்.

மேல்முறையீட்டை ஏற்கும் கல்லூரியில் சட்டம் சொல்லும் காரணங்கள்: உறவினர் மரணம், மாணவரின் நோய் அல்லது காயம், வேறு விசேஷச் சூழ்நிலை. கடிதம் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏன் தவறினீர்கள்? இப்போது என்ன மாறியிருக்கிறது? நிராகரிக்கப்படும் கடிதங்களில் முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கும், இரண்டாவதற்கு ‘இனி கடினமாக உழைப்பேன்’ என்ற ஒரு வரி இருக்கும்.

‘குடும்பப் பிரச்சினையால் படிப்பு பாதித்தது’ என்று எழுதினால் குழுவுக்கு எதுவும் தெரியாது. இப்படி எழுதுங்கள்: ‘அக்டோபர் 9 அன்று மதுரையில் என் தாத்தா இறந்தார். 11 முதல் 27 வரை இந்தியாவில் இருந்தேன். கெமிஸ்ட்ரியில் இரண்டு ஆய்வக வகுப்பும் கால்குலஸ் மிட்டெர்மும் தவறின. கெமிஸ்ட்ரியை விட்டேன், கால்குலஸில் எஃப். வசந்த செமஸ்டரில் 12 கிரெடிட் மட்டும் எடுக்கிறேன். கால்குலஸை மீண்டும் எடுத்து, வாரம் இருமுறை பயிற்சி மையத்துக்குப் போகப் பதிவு செய்திருக்கிறேன். எல்லாம் தேறினால் என் வேகம் 70 சதவீதம் ஆகும்.’ ஒரு பக்கம் போதும். எந்தப் பாடம், எந்தத் தேதி, எந்த எண் என்று இருக்க வேண்டும். தவறிய செமஸ்டர் இரண்டு என்றால் இரண்டுக்கும் விளக்கம் வேண்டும்.

இணைக்க வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், விமானச் சீட்டு, மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள், தேதியிட்ட மருத்துவர் கடிதம். ஊரிலிருந்து வரும் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேருங்கள். மனச்சோர்வு காரணம் என்றால் அதையே எழுதுங்கள். நம் வீடுகளில் இதை மூடி வைத்து, ‘காய்ச்சல்’ என்று எழுதிச் சான்று இல்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். ஆலோசகரைச் சந்தித்தேன் என்று கல்லூரி கவுன்சலிங் மையம் தரும் கடிதத்தைச் சான்றாகக் கொடுக்கலாம், சிகிச்சை விவரம் முழுவதும் அதில் இருக்கத் தேவையில்லை. நோயை ஒப்புக்கொண்டு உதவி தேடியிருக்கிறீர்கள் என்பதே இரண்டாம் கேள்விக்கு வலுவான பதில்.

ஏற்றுக்கொண்டால் ஒரு செமஸ்டர் ‘ப்ரொபேஷன்’ தருவார்கள். ஒரு செமஸ்டரில் ஏற முடியாத பள்ளம் என்றால், அகாடமிக் பிளான் என்று செமஸ்டர்வாரியாக நிபந்தனை எழுதித் தருவார்கள். அதில் ‘டபிள்யூ கூடாது’ என்று இருந்தால் ஒரு டபிள்யூவும் உதவியை நிறுத்தும். முடிவு வர வாரங்கள் ஆகும், கட்டணக் கெடு காத்திருக்காது. அதனால் விண்ணப்பித்த அன்றே கட்டண அலுவலகத்தில் தவணைத் திட்டம் கேளுங்கள், இல்லையென்றால் பணம் கட்டவில்லை என்று பதிவே ரத்தாகலாம்.

மாநில உதவி

இது தனிக் கணக்கு. டெக்சஸ் கிராண்ட் தொடர, முதலாண்டுக்குப் பின் 2.5 ஜி.பி.ஏ., எடுத்ததில் 75 சதவீதத் தேர்ச்சி, ஆண்டுக்கு 24 கிரெடிட் வேண்டும். ஜார்ஜியாவின் ஹோப் ஸ்காலர்ஷிப்புக்கு ஜி.பி.ஏ. 3.0 வேண்டும்; 30, 60, 90 கிரெடிட் எடுத்து முடித்த இடங்களில் சரிபார்ப்பார்கள். ஃபுளோரிடா பிரைட் ஃபியூச்சர்ஸில் மேல் நிலைக்கு 3.0, அடுத்ததற்கு 2.75. மத்திய அளவுகோலில் தேறியவர் இவற்றில் தவறுவது சர்வசாதாரணம்.

நிராகரித்துவிட்டால்

கல்லூரியின் முடிவே கடைசி. மத்தியக் கல்வித் துறை அதை மாற்றாது. ஒரு செமஸ்டர் சும்மா இருந்துவிட்டு வந்தால் தகுதி திரும்பிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எண்கள் அப்படியேதான் இருக்கும், வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்குவதற்கான ஆறு மாத அவகாசம் வேறு ஓடத் தொடங்கும். சொந்தப் பணத்தில் படிப்பதும் எண்களை ஏற்றினால்தான் பயன். ஆகவே சுருக்கு வழிக் கணக்கில் வந்த கிரெடிட்டை மட்டும், மலிவாகக் கிடைக்கும் இடத்தில் எடுங்கள். வேகம் குறைவென்றால் கம்யூனிட்டி கல்லூரியில், அந்தப் பாடம் மாறி வரும் என்று முன்பே எழுத்தில் வாங்கிக்கொண்டு. ஜி.பி.ஏ. குறைவென்றால் சொந்தக் கல்லூரியில் ஒன்றிரண்டு பாடம். மதிப்பெண் ஏறிய வாரமே நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். அந்த ஆண்டுக்கான ஃபாஃப்சா ஏற்கெனவே போட்டிருக்க வேண்டும், அது இல்லாமல் தகுதி திரும்பினாலும் பணம் வராது.